மேடை வடிவமைப்பாளர் ஆகணும்: குடியாத்தத்திலிருந்து எங்கே தொடங்குவது?

குடியாத்தம்காரன்:
வணக்கம்ங்க. வயசு 23, பி.காம். முடிச்சிருக்கேன். கல்யாண மேடை அலங்கார வேலை தெரியும், நல்லா வரைவேன். நாடகத்துக்கு செட் வடிவமைக்கறதைத் தொழிலா எடுக்க நினைக்கிறேன். தேசிய நாடகப் பள்ளிக்கு பி.காம். செல்லுமா? வேலூர் பக்கம் இருந்துக்கிட்டே இப்போ என்ன கத்துக்கலாம்?

பாலாற்றங்கரை:
பி.காம். செல்லும் தம்பி. டெல்லியில் இருக்கும் அந்தப் பள்ளி கேட்பது ஏதாவது ஒரு பட்டமும், குறைந்தது 6 நாடகங்களில் வேலை செய்த அனுபவமும். பலர் தடுக்கி விழுவது இந்த இரண்டாவதில்தான். கல்யாண மேடையை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. இனி எந்த நாடகத்தில் கைவைத்தாலும் நோட்டீஸ், படங்கள், குழுவின் கையெழுத்திட்ட கடிதம் மூன்றையும் அன்றே வாங்கி வைத்துவிடுங்கள். வயது வரம்பு 30. படிப்பு மூன்று வருடம். முதல் வருடம் எல்லோருக்கும் பொது, நடிக்கவும் வேண்டும். அதற்குப் பிறகுதான் வடிவமைப்புப் பிரிவு. இந்தி கொஞ்சமாவது வேண்டும். தமிழ் வட்டாரத்தை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாமல் படிக்க, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறை இருக்கிறது.

மேடைக்கட்டை:
வரையத் தெரிவது நல்லதுதான். ஆனால் தச்சருக்கும் லைட்காரருக்கும் உங்கள் ஓவியம் உதவாது, மேலிருந்து பார்த்த மாதிரி அளவு போட்டு வரைந்த தரைப்படம்தான் உதவும். கல்யாண மேடையைக் கேமரா நடுவிலிருந்து பார்க்கிறது. நாடகத்தை ஓர நாற்காலிக்காரரும் பார்க்கிறார். அங்கேதான் பழக்கம் மாற வேண்டும்.

பக்கத்து மண்டபம் ஒன்றை டேப் வைத்து அளந்து, 1:25 அளவில் அட்டையில் மாதிரி செய்யுங்கள். ஒரு மீட்டருக்கு 4 செ.மீ.; 30 அடி மேடை 36.6 செ.மீ. வரும். முன்வரிசை ஓர நாற்காலி இருக்கும் இடத்திலிருந்து மேடைத் திறப்பின் அதே பக்கத்து விளிம்பைத் தொட்டபடி நூலை இழுங்கள். நூலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் எதை வைத்தாலும் அவருக்குத் தெரியாது. எதிர்ப்புற விளிம்பைத் தொட்டு இழுக்கும் நூல் சைடு விங்குக்குள் (நடிகர்கள் காத்திருக்கும் மேடையோர மறைவு) நுழைந்தால், உள்ளே காத்திருக்கும் ராஜா தெரிவார். உயரத்தையும் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 3¾ அடி. மேடை 4 அடி என்றால் முன்வரிசைக்கு மேடைத் தரையே தெரியாது, அங்கே போடும் கோலம் வீண்.

குடியாத்தம்காரன்:
நன்றிங்கண்ணா. தட்டி, அதான் செட்டுக்குச் சுவரா நிறுத்தற சட்டம், எதுல செய்யறது? நாங்க 6 மி.மீ. பிளைவுட் போடறோம். துணின்னா சுருங்கி மடிப்பு விழுதே?

மேடைக்கட்டை:
8×4 தட்டிக்கு 6 மி.மீ. பிளைவுட் போட்டால் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டை) சட்டத்தோடு 17, 18 கிலோ வரும். காடாத் துணி (வெளுக்காத பருத்தித் துணி) போட்டால் 8 கிலோவுக்குள். காட்சிக்குக் காட்சி இருட்டில் தூக்கி மாற்ற வேண்டியதை எடை குறைவாகச் செய்யுங்கள். நடிகர் சாய்கிற, கதவு மாட்டுகிற தட்டிக்கு மட்டும் பிளைவுட்.

சட்டம் 2×1 இஞ்ச் ரீப்பர், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், மூலைகளில் முக்கோணப் பிளைவுட் துண்டு. துணியில் மடிப்பு விழுவது ஒட்டும் முறையால். சட்டத்தின் அகலம் முழுக்கப் பசை தடவினால் துணி சுருங்கும்போது உள்விளிம்பில் இழுத்துப் பிடித்துக்கொண்டு மடியும். வெளிவிளிம்பில் மட்டும் ஒட்டுங்கள். ஆணியை ஒவ்வொரு பக்கமும் நடுவில் தொடங்கி மூலை நோக்கி அடிக்க வேண்டும். முரசு மாதிரி இறுக்காதீர்கள், லேசாகத் தொய்வு இருக்கட்டும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து அடித்தால் காயும்போது துணி தானே இறுகும். பெயின்ட் அதற்கு மேல். பிளைவுட்டை ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து வேலூர் சித்திரை வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். பின்பக்கமும் ஒரு கோட் கொடுங்கள்.

இன்னொன்று: டாடா ஏஸ் பெட்டி நீளம் சுமார் ஏழடிதான். எட்டடித் தட்டி பின்னால் நீட்டிக்கொண்டு வரும், ஓரம் அடிபடும். நடுவில் கீல் வைத்து மடித்தால் தொல்லை இல்லை.

ஆரணி வடக்கு:
மின்சாரத்தை யாரும் சொல்லவில்லை. பழைய 1000 வாட் பார் (PAR) மேடை விளக்கு ஒன்று 4.3 ஆம்பியர் இழுக்கும். 12 விளக்கு என்றால் 52 ஆம்பியர். மண்டபத்தின் ஒரே 32 ஆம்பியர் பிளக்கில் இதைச் சொருகினால் வயர் சூடாகும், நல்லவேளையாக டிரிப்பர் விழும். மூன்று பேஸிலும் நாலு நாலாகப் பிரியுங்கள், அல்லது எல்.இ.டி.க்குப் போங்கள்.

பருத்தித் துணிக்குத் தீத்தடுப்பும் முக்கியம்: லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் போராக்ஸ், 30 கிராம் போரிக் அமிலம். பெயின்ட்டுக்கு முன் நனைத்துக் காயவையுங்கள். ஒரு நாடாவைக் கிழித்துத் தீக்குச்சி காட்டுங்கள். குச்சியை எடுத்ததும் தீ அணைய வேண்டும். மழையில் நனைந்தால் மறுபடி போட வேண்டும். பாலியஸ்டருக்கு இது பிடிக்காது.

கற்றுக்கொள்ள நம் பக்கத்திலேயே இருப்பது திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து. அர்ச்சுனன் தவத்துக்கு ஏறும் தபசு மரத்தை எப்படி நட்டு நிறுத்துகிறார்கள், துரியோதனன் விழும் காட்சியான படுகளத்தில் அவன் மண் உருவத்தை எத்தனை பங்கு அளவில் பிடிக்கிறார்கள் என்று நோட்டில் அளவு போடுங்கள். செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தின் தெருக்கூத்தையும் பாருங்கள். திரையை இருவர் பிடிப்பதால் வேஷக்காரர் முதலில் குரலாகவும் காலாகவும்தான் வருகிறார். செட் எதுவும் தேவைப்படவில்லை. மேளமும் பின்பாட்டும் உட்காரும் இடத்தில் தட்டி நிறுத்தி அழகுபடுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், நடிகருக்குத் தாளம் கேட்காமல் போகும்.

வருமானத்துக்கு நாடகத்தை மட்டும் நம்பாதீர்கள். பள்ளி ஆண்டுவிழா, வி.ஐ.டி. ரிவியரா போன்ற கல்லூரி விழா மேடை வேலைகளை விடாமல் பிடியுங்கள். முன்பணம் வாங்காமல் ரீப்பர் வாங்கப் போகாதீர்கள்.

குடியாத்தம்காரன்:
ஞாயிற்றுக்கிழமை டேப்போட மண்டபத்துக்குப் போறேன். மாதிரி முடிஞ்சதும் படம் போடறேன், நூல் எங்க தட்டுதுன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா.