உதவி: லாரி ஸ்டார்ட் ஆகி நின்றுவிடுகிறது, அவசரம்

திருச்செங்கோட்டுத் தம்பி
எங்கள் வண்டி மலையில் நிற்கிறது. விடியற்காலையில் ஸ்டார்ட் ஆனது, அஞ்சு நிமிஷத்தில் ஆஃப் ஆகிவிட்டது. இப்போது செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. குளிர் ரொம்ப அதிகம். அண்ணன்தான் ஓட்டுகிறார். லோடு நாளைக்குள் இறக்கியாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பேட்டரி பாபு
சந்தேகமே இல்லை, பேட்டரி. குளிரில் பாதி பவர்தான் கொடுக்கும். இரண்டையும் கழற்றி ராத்திரி அறைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

சேர்வராயன்
எந்த மலை தம்பி? ஏற்காடா, ஊட்டியா?

டாப்கியர் தாத்தா
வண்டி எது, புகை விதி பிஎஸ் எத்தனை, ஊர் எது, டிகிரி எவ்வளவு, ஒன்றும் கிடையாது. ஆனால் பதில் மட்டும் சீக்கிரம் வேண்டும். நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? போன மார்கழியில் இதே விஷயத்தை விளக்கமாக எழுதி வைத்தேன். தேடிப் படிக்கிற பழக்கம் இந்தக் காலத்துப் பையன்களுக்கு இல்லை.

திருச்செங்கோட்டுத் தம்பி
லடாக்கில் திராஸ். கார்கிலுக்கு 60 கிலோமீட்டர் முன்னால். பிஎஸ்6, பத்து சக்கரம். அண்ணனுடைய ப்ரீபெய்டு சிம் அங்கே எடுக்காது. ஓட்டல்காரர் போனில் கூப்பிட்டால்தான் பேச முடிகிறது. அதனால்தான் முழு விவரம் இல்லை.

சேர்வராயன்
அடேயப்பா. ஊட்டி இல்லை, வாபஸ்.

யூரியா உதயன்
பிஎஸ்6 என்றால் யூரியா டேங்கைப் பாருங்கள். அதில் ஊற்றுகிற ஆட்புளூ (புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசல்) மைனஸ் 11-லேயே உறைந்துவிடும்.

நார்த்லைன் செல்வம்
உறையும், ஆனால் அதனால் ஸ்டார்ட் ஆகாமல் போகாது. இன்ஜின் சூடானால் கூலன்ட் லைன் அந்த டேங்கை உருக்கிவிடும்.

பாபு அண்ணா, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்கிறார், பேட்டரியை விடுங்கள்.

தம்பி, இரண்டே கேள்வி. டீசல் கடைசியாக எங்கே போட்டது? ராத்திரி வண்டி ஆஃப் செய்து நின்றதா?

திருச்செங்கோட்டுத் தம்பி
அம்பாலாவில் டேங்க் ஃபுல். அப்புறம் எங்கும் போடவில்லை. ராத்திரி ஆஃப்தான். மைனஸ் 17 என்று ஓட்டலில் சொன்னார்களாம்.

நார்த்லைன் செல்வம்
அங்கேதான் விஷயம். டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிர ஆரம்பித்ததும் அது பொடிப்பொடியாகப் பிரியும். டேங்கில் டீசல் இன்னும் தண்ணியாகவே தெரியும், ஆனால் அந்தப் பொடி ஃபில்டரை அடைத்துவிடும். ஃபில்டரைத் தாண்டி லைனில் மிச்சம் இருந்ததை வைத்துத்தான் வண்டி அஞ்சு நிமிஷம் ஓடியிருக்கிறது.

சமவெளி டீசலுக்கு நம் தர விதி என்ன தெரியுமா? குளிர்காலத்தில் ப்ளஸ் 6 டிகிரி வரைக்கும் ஃபில்டர் அடைக்காமல் போனால் போதும், கோடையில் 18. வருகிற சரக்கு பெரும்பாலும் அதைவிடத் தேவலாம்தான், ஆனாலும் மைனஸ் 17-க்கு அது சரக்கே இல்லை. லடாக் பக்கத்துக்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் தனி டீசல் விட்டது, மைனஸ் 33 வரை உறையாது. கார்கிலில் கிடைக்க வேண்டும்.

இப்போதைக்கு: செல்ஃபை அடித்து அடித்து பேட்டரியைத் தீர்க்க வேண்டாம். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வாட்டர் செப்பரேட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்தால் மெழுகு, கண்ணாடிபோலக் கடினமாக இருந்தால் தண்ணீர் ஐஸாகி இருக்கிறது. இரண்டு ஃபில்டரையும் மாற்ற வேண்டும். கையில் புதுசு இருக்கிறதா?

பழைய லேலண்ட்
எதற்கு இவ்வளவு? டேங்குக்கு அடியில் கொஞ்சம் நெருப்பு மூட்டினால் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். நாங்கள் எல்லாம் அப்படித்தான் ஓட்டினோம். டீசலில் அஞ்சுக்கு ஒன்று மண்ணெண்ணெய் கலந்துவிட்டால் பிறகு தொல்லையே இல்லை.

காமன்ரெயில் கண்ணன்
ஐயா, உங்கள் வண்டியில் இரும்பு பைப். இப்போது டீசல் லைன், பிரேக் ஏர் லைன் எல்லாம் நைலான். நெருப்பு மூட்டினால் டீசல் இளகுவதற்கு முன் பிரேக் பைப் இளகும். மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு, ஹைபிரஷர் பம்ப்பைத் தேய்த்துவிடும். பில் உங்கள் பெயருக்கு அனுப்பட்டுமா?

பழைய லேலண்ட்
சோஜிலா கணவாயில் நின்று பார்த்திருக்கிறீர்களா, இல்லை புத்தகத்தில் படித்ததா?

காமன்ரெயில் கண்ணன்
பம்ப் ரிப்பேர் என் தொழில். கழற்றியவனுக்குத் தெரியும்.

டாப்கியர் தாத்தா
இதையும் போன மார்கழியில் எழுதியிருந்தேன்.

ரேஷன் ராமு
அது சரி, ரேஷன் கடை நீல மண்ணெண்ணெயை வண்டியில் ஊற்றுவதே குற்றம். மாட்டினால் வண்டியோடு போகும்.

பழைய லேலண்ட்
நீலம் என்று நான் சொன்னேனா? வெள்ளை வாங்கி ஊற்று.

காமன்ரெயில் கண்ணன்
வெள்ளையோ நீலமோ, ஏற்கெனவே பிரிந்த மெழுகு மைனஸ் 17-ல் அதில் கரையாது. கடையில் விற்கிற ஆன்டி-ஜெல் மருந்தும் அப்படித்தான், உறைவதற்கு முன் ஊற்றியிருக்க வேண்டும். யாராவது பெட்ரோல் கலக்கச் சொல்வதற்கு முன் அதையும் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது.

திருச்செங்கோட்டுத் தம்பி
அண்ணன் பேசினார். வெள்ளையாகத்தான் இருக்கிறதாம். ஃபில்டர் ஒரு செட் இருக்கிறது.

நார்த்லைன் செல்வம்
நல்லது. ஓட்டலில் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்து ஃபில்டர் தலையிலும் டேங்கிலிருந்து வரும் லைனிலும் சுற்றச் சொல்லுங்கள். மின்சாரக் கனெக்டர்மேல் ஊற்ற வேண்டாம். கார்கிலிலிருந்து வருகிற வண்டியில் சொல்லி இரண்டு கேன் அந்த ஊர் டீசல் வரவழைத்து டேங்கில் சேருங்கள். புது ஃபில்டருக்குள் டீசலை ஊற்றி மாட்டாதீர்கள், தூசி நேராக பம்ப்புக்குப் போகும். காலியாக மாட்டி, பிரைமர் என்கிற கைப் பம்ப்பை அடித்து லைனில் உள்ள ஏரை எடுக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு செய்தால் பாதி வேலை தானே முடியும். ஸ்டார்ட் ஆனதும் உடனே கிளம்பாமல் ஐடிலில் விட்டால், திரும்பி வரும் சூட்டு டீசல் டேங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும். கார்கில் போய்ச் சேரும்வரை ஆஃப் செய்ய வேண்டாம்.

பேட்டரி பாபு
எதற்கும் டெர்மினலைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

திருச்செங்கோட்டுத் தம்பி
ஓடிவிட்டது. கார்கில் போய்விட்டார். எல்லோருக்கும் நன்றி.

காமன்ரெயில் கண்ணன்
எதனால் ஓடியது? கேன் டீசல் வந்ததா, வெந்நீரிலேயே சரியானதா? யாராவது மண்ணெண்ணெய் ஊற்றினார்களா?

பழைய லேலண்ட்
ஊற்றியிருப்பார்கள். அதனால்தான் பையன் பேசவில்லை.

காமன்ரெயில் கண்ணன்
தம்பி? இருக்கிறீர்களா?

பனிக்கூழ் பயணி
இழைக்குச் சம்பந்தம்தான். ஜனவரியில் மணாலியிலிருந்து கேலாங் போகிறோம், டீசல் கார். என்ன செய்ய வேண்டும்?

நார்த்லைன் செல்வம்
மணாலியில் டேங்கை நிரப்பாதீர்கள், அடல் சுரங்கம் தாண்டப் போதுமான அளவு போதும். கேலாங்குக்கு முன் தண்டியில் பங்க் இருக்கிறது. குளிர்கால டீசல்தானா என்று கேட்டுவிட்டு அங்கே நிரப்புங்கள். ஒரு ஃபில்டர் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். கார் என்ன மாடல், எந்த வருஷம்?