மறு: சமுதாய வலையமைப்பின் குழுவுக்கு நிற்பவரை எப்படி அழைப்பது?

நண்பர்களே,

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒரே மூச்சில் படித்தேன். இயக்குநர், நிர்வாகி, வாரிய உறுப்பினர், அறங்காவலர், வேட்பாளர், போட்டியாளர் என்று சொற்கள் வந்து குவிந்துவிட்டன, ஆனால் எதை எங்கே வைப்பது என்பதில் இன்னும் ஒரு முடிவும் இல்லை. நாம் தமிழாக்க வேண்டியது ஒரு தேர்தல் அறிவிப்பு. ஒரு கணினி வலையமைப்பு, அதை நடத்துவது அதன் உறுப்பினர்களே, ஆண்டுதோறும் அவர்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் உட்காருகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இவ்வளவையும் மறக்காமல் பேசினால் பாதிச் சொற்கள் தாமாகவே கழன்றுவிடும்.

வலையமைப்பின் பெயரை முதலில் முடித்துவிடலாம், அதில் பெரிய வம்பு இல்லை. "சமூக வலைப்பின்னல்" என்று எழுதினால் படிப்பவர் ஃபேஸ்புக்கைத்தான் நினைப்பார். நாம் சொல்வது ஒரு வட்டாரத்து மக்கள் தாங்களே சேர்ந்து கம்பி இழுத்தோ, கூரைக்குக் கூரை அலைவாங்கி வைத்தோ, அந்தக் காலத்தில் தொலைபேசி மோடம் வழியாகவோ ஏற்படுத்திக்கொண்ட இணைப்பு. "சமுதாய வானொலி" என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, யாருக்கும் அதில் குழப்பமில்லை. அதே தடத்தில் "சமுதாய வலையமைப்பு" என்று போய்விடலாம். "ஊர்வலை" என்று எழுதியிருந்தவருக்கு: சொல் அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்பெயினின் காட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய கூய்ஃபி போன்ற வலையமைப்பு பல்லாயிரம் கணுக்களோடு (இணைப்புப் புள்ளிகளோடு) ஒரு பிரதேசம் முழுக்கப் பரந்திருக்கிறது, அதை ஊருக்குள் அடைப்பது கொஞ்சம் கஷ்டம்.

இனி குழுவுக்கு வருவோம். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

> இயக்குநர் குழு என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். கம்பெனி ஆவணங்களிலும் அதுதான் இருக்கிறது. இதை ஏன் மாற்ற வேண்டும்?

கம்பெனிக்கு எழுதினால் மாற்ற வேண்டாம். இங்கே இடர் என்னவென்றால், கணினி வலையமைப்பு என்று சொன்ன அதே வரியில் "இயக்குநர்" என்று போட்டதும் அந்தச் சொல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்த நேர்ப்பொருள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. இயக்குபவர், அதாவது வழங்கியை (சர்வரை) ஓட்டுகிறவர், ரவுட்டரை மறுதொடக்கம் செய்கிறவர். "நிர்வாகி" இன்னும் மோசம். தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகி என்றால் பக்கங்களை நீக்கவும் பூட்டவும் கூடுதல் அணுக்கம் (நுழைவுரிமை) உள்ள பயனர். மென்பொருள் தமிழாக்கங்களிலும் முழு அணுக்கம் கொண்ட கணக்குக்கு அதே பெயர்தான். அப்புறம் "நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல்" என்று அறிவித்தால், ஜெயிப்பவருக்குக் கடவுச்சொல் கிடைக்கும் என்றுதானே ஒருவர் புரிந்துகொள்வார்? இலங்கை வழக்கான "பணிப்பாளர் சபை" இந்தக் குழப்பத்திலிருந்து ஓரளவு தப்பிக்கிறது, ஆனால் அதிலும் அலுவலக மேலாளர் வாடை அடிக்கிறது.

இது வெறும் சொல் நுணுக்கமாகத் தோன்றலாம். ஆனால் இப்படிப்பட்ட குழு உண்மையில் செய்கிற வேலையைப் பாருங்கள். வரவு செலவுக்கு ஒப்புதல் தர வேண்டும், வெளி இணைய இணைப்பை யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டும், கூரையோ கம்பமோ தருகிறவரோடு ஒப்பந்தம் போட வேண்டும், உறுப்பினர்களின் பதிவேடுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, யார் கேட்டால் கொடுப்பது, யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று விதி செய்ய வேண்டும், ஆண்டுக் கணக்கை உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும், டொமைன் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதையாவது ஒருவர் கவனிக்க வேண்டும் (இதைக் கேட்கவே ஆளில்லாமல், பதிவு செய்தவர் விலகிப் போன பிறகு முழிக்கிற குழுக்கள் உண்டு). ரவுட்டரைத் தொடுவது இந்தப் பட்டியலில் இல்லை. அது தொழில்நுட்பக் குழுவின் வேலை, இரண்டிலும் ஒரே ஆள் இருந்தாலும் வேலை வேறுதான். பெயரில் இந்த வேறுபாடு தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் நட்டம். நன்றாகக் கம்பி இழுக்கத் தெரிந்தவரைப் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவார்கள், அவரும் கூட்டம் முழுக்க அலைவரிசை பற்றியே பேசுவார், கணக்கு அப்படியே கிடக்கும். மறுபக்கம், ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவர், "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே" என்று ஒதுங்கிவிடுவார். நமக்கு வேண்டியவர் அவர்தான்.

குழு என்று ஒன்று உறுப்பினர்கள் கையில் இருப்பதன் அருமையும் சின்னதல்ல. அமெரிக்காவில் மோடம் வழியே இயங்கிய கிளீவ்லாந்து ஃப்ரீநெட் என்ற சமுதாய வலையமைப்பு 1986இல் தொடங்கியபோது இந்த வகையில் அதுவே முன்னோடி, பிறகு பல நகரங்களில் அதைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். அது ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருந்தது, 1999இல் மூடப்பட்டது. அதே வழியில் 1990களின் தொடக்கத்தில் கனடாவின் ஒட்டாவாவில் தொடங்கிய நேஷனல் கேப்பிட்டல் ஃப்ரீநெட், உறுப்பினர்களே குழுவைத் தேர்ந்தெடுக்கிற இலாபநோக்கற்ற அமைப்பாக நின்று, மோடம் காலம் போன பிறகும் இணைய இணைப்பு தந்துகொண்டு நீடித்தது. காரணம் இது ஒன்றேதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற கை யாருடையது என்பது முக்கியம், நாம் தேடும் சொல் அந்தக் கையின் பெயர்.

> வாரியம் நம்முடைய பழைய சொல். உத்திரமேரூர்க் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதற்கு?

இருக்கிறது, மறுக்கவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் வருகின்றன. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். அதில் எனக்குப் பிடித்த விதி, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது என்பது. இன்றைய சங்கங்களின் விதிகளில் அதைச் சேர்த்தால் எத்தனை பேர் தேறுவார்கள்! ஆனால் அதே கல்வெட்டு சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் கேட்கிறது, ஆகவே அதை அப்படியே சமுதாய வலையமைப்புக்கு முன்மாதிரி என்று சொல்ல வேண்டாம். அதைவிடப் பெரிய தடை இன்றைய வழக்கு. மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று கேட்டுக் கேட்டு, வாரியம் என்றாலே அரசு அலுவலகம், வரிசை, படிவம். உறுப்பினர் தானே வாக்களித்து அமைத்த குழு என்ற எண்ணம் வராது.

குடவோலையைத் தொட்டுவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவின் வாக்குரிமை உள்ள பத்துப் பேரையும், தாமாக முன்வந்த தகுதியுள்ளவர்களிடமிருந்து குலுக்கல் முறையில்தான் எடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் மறுபடி கணக்கிட்டுச் சரிபார்க்கக்கூடிய குலுக்கல் அது. குடமும் ஓலையும்தான் இல்லை.

"அறங்காவலர்" கோயில் பக்கம் போய்விடும். "ஆட்சிக்குழு" பல்கலைக்கழகம் பக்கம் போய்விடும். என் முன்வைப்பு "பொறுப்புக்குழு". இயந்திரத்தை ஓட்டுகிறவர்கள் என்றோ உரிமையாளர்கள் என்றோ படாது, யாருக்கோ பதில் சொல்ல வேண்டியவர்கள் என்று படும். "பொறுப்பு ஆளுநர், பொறுப்பு முதல்வர் என்பது போலத் தற்காலிகக் குழு என்று தோன்றாதா" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் அங்கெல்லாம் "பொறுப்பு" பிரிந்து நிற்கிறது, பதவிப் பெயருக்கு முன்னால் ஒட்டாமல் வருகிறது. "பொறுப்புக்குழு" என்று ஒற்று மிகுந்து ஒரே சொல்லாக வரும்போது அந்த ஐயம் குறையும். சேர்த்தே எழுதுங்கள், அவ்வளவுதான்.

இப்போது, அந்தக் குழுவுக்கு வர விரும்புகிறவர். வேட்பாளர் நல்ல சொல். பழைய செய்தித்தாள்களில் "அபேட்சகர்" என்று இருந்ததன் இடத்தில் அமர்ந்து நிலைத்துவிட்டது. இரண்டுக்கும் வேர்ப்பொருள் விருப்பம், பதவியை வேட்பவர். வாக்குச்சீட்டில் பெயர் வந்துவிட்ட ஒருவரை நாம் வேட்பாளர் என்றே அழைப்போம், அதற்குப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை. புதுச்சொல் வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்துக்கு. "போட்டியாளர்" என்பதை நான் எதிர்ப்பதும் அதனால்தான், இந்த மாதிரி அமைப்புகளில் பல ஆண்டுகளில் போட்டியே இருப்பதில்லை, ஆள் கிடைப்பதே பெரும்பாடு.

டெபியன் என்ற இலவசக் கணினி இயங்குதளத்தை உருவாக்கும் அமைப்பைப் பாருங்கள். வலையமைப்பு இல்லைதான், ஆனால் முழுக்கத் தன்னார்வலர்களால் ஆனது, ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்தெடுப்பது. அங்கே யாரும் யாரையும் முன்மொழிய வேண்டாம், டெபியன் உருவாக்குநர் எவரும் தானே தன் பெயரைக் கொடுக்கலாம். 2019இல் பெயர் கொடுக்க வைத்த காலம் முடிந்தபோது ஒருவர் பெயர்கூட வரவில்லை, காலத்தை ஒரு வாரம் நீட்டித்த பிறகுதான் வந்தார்கள். 2016இல் வந்தது ஒரே ஒருவர், அப்படியும் "போட்டியின்றித் தேர்வு" என்று முடித்துவிடவில்லை, "மேற்கண்ட எவருமில்லை" என்ற தெரிவையும் வைத்து வாக்கெடுப்பு நடத்தினார்கள். இவரை எப்படிப் போட்டியாளர் என்பது? யாரோடு போட்டி?

எனவே தன் பெயரைத் தானே கொடுக்கிறவருக்கு "முன்வருநர்" என்று வைக்கலாம் என்கிறேன். பெறுநர், ஓட்டுநர் போன்ற அமைப்புத்தான், இலக்கணத்தில் சண்டை வராது. "முன்வருதல்" பேச்சிலும் இருக்கிறது, "யாராவது முன்வாங்க" என்று எந்தக் கூட்டத்திலும் கேட்கலாம். பிறர் பெயரைச் சொல்லும்போது அது முன்மொழிவு, அவர் முன்மொழியப்பட்டவர். இரண்டையும் ஒன்றாக "நியமனம்" என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நியமனம் என்றால் வேலை முடிந்துவிட்டது, உத்தரவு கையில் வந்துவிட்டது என்று பொருள். இந்தப் பிரிவு கற்பனையும் அல்ல. 2000இல், இணையப் பெயர்களையும் முகவரிகளையும் ஒருங்கிணைக்கும் ஐக்கான் அமைப்பு தன் இயக்குநர் இடங்களில் ஐந்தை இணையப் பயனர்களின் வாக்குக்கு விட்டபோது, ஒரு குழு முன்மொழிந்தவர்களும் இருந்தார்கள், உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு தாமாக வந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு வழியாகவும் வந்தவர்கள் ஒரே வாக்குச்சீட்டில் வேட்பாளர்கள் ஆனார்கள். நம் சொற்கள் இதைத் தெளிவாகச் சொல்லிவிடும், சோதித்துப் பாருங்கள்.

> தன்னார்வலர் என்றே விட்டுவிட்டால் என்ன? புதுச்சொல் எதற்கு?

தன்னார்வலர்கள் அந்த வலையமைப்பில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். உதவி கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பவர், கணு நட உதவுபவர், பாடம் நடத்துபவர் எல்லோரும் தன்னார்வலர்களே. அவர்கள் யாரும் கையெழுத்துப் போட்டுச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியதில்லை, பொறுப்புக்குழுவுக்கு வருபவர் சொல்ல வேண்டும். சும்மா "தன்னார்வலர்கள் தேவை" என்று எழுதி ஆளைச் சேர்த்துவிட்டு, பிறகு கணக்குத் தாளை நீட்டுவது நியாயமில்லை.

அறிவிப்பின் முதல் வரிகளை இப்படி எழுதிப் பார்த்தேன்:

"எங்கள் சமுதாய வலையமைப்பின் பொறுப்புக்குழுவில் மூன்று இடங்கள் காலியாகின்றன. உறுப்பினர் எவரும் தாமே முன்வரலாம், அல்லது மற்றொருவரை அவருடைய ஒப்புதலோடு முன்மொழியலாம். கணினி அறிவு கட்டாயமல்ல. முன்வருநர்கள் தங்களைப் பற்றியும், வலையமைப்பின் பணத்திலோ ஒப்பந்தங்களிலோ தங்களுக்குச் சொந்த ஆதாயம் ஏதும் இருந்தால் அதைப் பற்றியும் ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும். முன்வருநர் எண்ணிக்கை இடங்களைவிடக் குறைவாக இருந்தாலும் வாக்கெடுப்பு நடக்கும்."

இதில் "இயக்குநர்", "வேட்புமனு" என்று மாற்றிப் போட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எது உங்களைப் பெயர் கொடுக்க வைக்கும் என்று சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. குழுவில் உள்ள தனி ஒருவரை எப்படிச் சொல்வது? "பொறுப்புக்குழு உறுப்பினர்" நீளம், அதோடு வலையமைப்பின் சாதாரண உறுப்பினரும் "உறுப்பினர்" என்பதால் ஒரே பத்தியில் இரண்டும் மோதுகின்றன. "பொறுப்பாளர்" கட்சி வாடை. "பொறுப்பினர்" புதிது, காதுக்குப் பழகவில்லை. இலங்கை நண்பர்கள் யாராவது "பணிப்பாளர்" அல்லாமல் அங்கே சங்கங்களில் பேச்சில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் நல்லது. கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கைக்கு "கோரம்" வேண்டுமா "குறைவெண்" வேண்டுமா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம், இங்கே கொண்டுவராதீர்கள். மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு மறுங்கள், அதை மேலே உள்ள அறிவிப்பிலேயே பொருத்திக் காட்டினால் இன்னும் சௌகரியம்.