மாடிப்படி அரைச்சுவரை எடுத்துவிட்டு என்ன கம்பி போடலாம்?

சிப்புட்வாசி:
மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் பழைய தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு, இரட்டை மாடி. கூடத்திலிருந்து ஏறும் கான்கிரீட் படி, 13 மிதி. மிதி 255 மி.மீ. அகலம், படி உயரம் 175. மேலே மொசைக் ஓடு. ஓரத்தில் இடுப்பளவு செங்கல் சுவர் நிற்பதால் மேல்மாடிக்குக் காற்றே ஏறுவதில்லை. அதை இடித்துவிட்டுக் கம்பி போட எண்ணம். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை, முழங்கால் வலியோடு தாத்தா. கண்ணாடியா, எஃகு வடமா, இரும்பா? படிக்கு இரண்டு கம்பி போதும் என்கிறார் கண்டிராக்டர்.

பட்டறைக்காரன்:
போதாது. 255-இல் இரண்டு 20 மி.மீ. கம்பி போக மிச்சம் 215, ஆக ஒவ்வொரு சந்தும் 107. எங்குமே 100 மி.மீ. உருண்டை நுழையக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பிள்ளையின் உடம்பு நழுவிப் போய்த் தலை மாட்டிக்கொள்ளும். படிக்கு மூன்று என்றால் சந்து 65 ஆகி லாக்கப் மாதிரி தெரியும்.

படிக்குப் படி நடுவதை விடுங்கள். சாய்வாக ஒரு அடிச்சட்டம் ஓட்டி, கம்பிகளை அதில் நிறுத்துங்கள். 13 மிதிக்கும் மொத்தம் 3315 மி.மீ. 40 மி.மீ. தூண் நான்கு போக, மூன்று கட்டம், தலா 1051. கட்டத்துக்கு ஒன்பது கம்பி வைத்தால் சந்து 87. ஆக 27 கம்பி. கண்டிராக்டர் கணக்கில் 26 வரும். ஒரே ஒரு கம்பிக்கா இவ்வளவு பேச்சு என்று கேளுங்கள்!

அடிச்சட்டத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சட்டம் படிமூக்கை (மிதியின் முன்விளிம்பை) ஒட்டியே ஓடினாலும், கீழே மிஞ்சும் முக்கோணத்தில் 120 மி.மீ. உருண்டை நுழையும். அதனால் படியின் மேலே வைக்காமல், பக்கவாட்டில் மூக்குக்கோட்டுக்குக் கீழே இறக்கிப் பொருத்துங்கள். முக்கோணம் அடைபடும், மொசைக்கில் துளை விழாது, நடக்கிற அகலமும் குறையாது. படி ஓரத்துக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் விடாதீர்கள்.

தாமான்தச்சர்:
பக்கவாட்டில் பொருத்துவதுதான் சரி. ஆனால் போல்ட்டைப் படியின் முக்கோணப் பகுதியில் இறக்காதீர்கள், அங்கே முறுக்குக்கம்பி இருக்காது. அடியில் சாய்வாக ஓடும் கான்கிரீட் பலகையின் நடுவில்தான் துளை. விரியும் போல்ட் ஓரத்தை வெடிக்க வைக்கும், அதனால் ரசாயனப் பசையோடு எம்10 (10 மி.மீ. தடிமன்) போல்ட். துளைத் தூசியை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊத வேண்டும். தூசி மேல் ஊற்றிய பசை பிடிக்காது, தூண் ஆடும் வீடுகளில் பாதிக் குற்றம் இதுதான். மேலே சிமெண்டுப் பூச்சு 20 மி.மீ. இருந்தால் அதையும் கூட்டி நீளமான போல்ட் வாங்குங்கள். பூச்சுக்குள் இருக்கும் நீளம் எதையும் தாங்காது.

கண்ணாடி வெளிச்சம் விடும், காற்றை விடாது. உங்கள் குறையே காற்றுதானே? 12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ வேறு. எஃகு வடம் படுக்கையாக ஓடுவதால் பிள்ளைக்கு அது ஏணி. காலம் போகப் போகத் தொய்ந்தால் சந்தும் விரியும்.

சிப்புட்வாசி:
நன்றி. ஸ்டெயின்லெஸ்ஸா, சாயம் அடித்த இரும்பா? தாத்தாவுக்குக் கைப்பிடி எந்த உயரம்?

பட்டறைக்காரன்:
வீட்டுக்குள் இரும்பே போதும். துருப்பிடிப்பது பற்றவைத்த இடத்திலும், வாய் திறந்த குழாயின் அடியிலும்தான். மாப் போடும் தண்ணீர் உள்ளே போய் உள்ளிருந்தே தின்னும். எல்லா வாயையும் அடைக்கச் சொல்லுங்கள். பற்றவைத்த இடத்தைத் தேய்த்து, துத்தநாகச் சாயம் அடித்த பிறகே நிறம். ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் 304 ரகம். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டினால் நம்பாதீர்கள், மட்டமான 201-உம் பெரும்பாலும் ஒட்டாது. கேரித்தீவு மாதிரி கடலோரம் என்றால் 316 கேட்கலாம், சிப்புட்டுக்கு வீண் செலவு.

தாமான்தச்சர்:
1984-ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டட உபவிதி 107-இன்படி, படிமூக்கிலிருந்து 825 முதல் 900 மி.மீ. உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும், மேல்தளத்தில் 900-க்குக் குறையக் கூடாது. மேல்தளத்தில் 1000 வையுங்கள், பிள்ளை வளரும். தாத்தாவுக்கு எதிர்ப்பக்கச் சுவரிலும் ஒரு கைப்பிடி போடுங்கள். 40 மி.மீ. உருண்டைக் கட்டை, மெராந்தி மரம் போதும். சுவருக்கும் கட்டைக்கும் நடுவே 50 மி.மீ. இருந்தால் விரல் நசுங்காது. இரு முனையையும் சுவர்ப்பக்கம் மடக்குங்கள், இல்லையென்றால் சட்டைக்கை மாட்டி இழுக்கும்.

இடிக்கும் முன், சுவர் உச்சியில் ஒரு மூலையை மட்டும் கொத்திப் பாருங்கள். உள்ளே முறுக்குக்கம்பி தெரிந்தால் நிறுத்திவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சுவரை எடுத்த நாளிலிருந்து கம்பி வரும்வரை படி ஓரம் வெறுமனே கிடக்கும், அதற்குப் பலகை அடித்து வையுங்கள்.