நின்றுபோன நாவலுக்குச் செயற்கை நுண்ணறிவின் துணை: பயன்படுத்தியவர்கள் வழிகாட்டவும்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வசிக்கிறேன். 1982 ஜனவரியில் தொழிற்சங்கவாதி தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தக் காலத்தில் தாராவியில் வாழ்ந்த ஒரு திருநெல்வேலிக் குடும்பத்தைப் பற்றி நான் எழுதிவரும் நாவல், ஆலை வேலையை இழந்த மகன் தந்தையின் தோல் பட்டறைக்குத் திரும்பும் இடத்தில் பல வாரங்களாக நகராமல் நிற்கிறது.

சாட்ஜிபிடியிடமும் ஜெமினியிடமும் காட்சியை விவரித்து, அடுத்து என்ன நடக்கலாம் என்று கேட்டால், தந்தையும் மகனும் இரண்டே பத்திகளில் கண்ணீர்விட்டுச் சமாதானமாகிவிடுகிறார்கள். (எங்கள் ஊர்த் தகப்பன்மார் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவருபவர்கள் அல்லர்.) உரையாடலிலும், நெல்லைப் பேச்சும் பம்பாய் இந்தியும் கலந்த தமிழுக்குப் பதிலாகப் பாடநூல் நடையே வருகிறது. தமிழ் உரை ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களாக (இக்கருவிகள் உரையைப் பிரித்துக் கையாளும் சிறு துண்டுகளாக) உடைபடுவதால், முழு அத்தியாயங்களைக் கொடுத்தால் வரம்பும் விரைவில் தீர்ந்துவிடுகிறது.

எனக்காகச் செயற்கை நுண்ணறிவு எழுத வேண்டியதில்லை. கதைமாந்தரைப் பற்றி நம்மையே குறுக்குக்கேள்வி கேட்கும் பதிப்பாசிரியராக அதைப் பயன்படுத்தியவர்கள் எவரேனும் இருந்தால், கொடுத்த கட்டளைகளை அப்படியே இங்கே பகிர இயலுமா? வட்டாரப் பேச்சுக்கு மாதிரி உரையாடல்களை முன்கூட்டி அளித்ததில் பலன் இருந்ததா என்பதையும், நீண்ட நாவலுக்கு அத்தியாயச் சுருக்கங்களே போதுமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.