மீன்பிடித் தடைக்காலத்துக்கும் பொருந்தும் காணிக்கை அட்டை மாதிரி வேண்டும்

வடசென்னைக் கத்தோலிக்கப் பங்குகளின் (ஆலயச் சமூகங்களின்) நிதிக்குழுவில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நேரம், திறமை, பொருள் மூன்றுக்கும் சேர்த்து எங்கள் பங்கில் காணிக்கை வாக்குறுதி அட்டை கொடுக்கப் போகிறோம். சிக்கல் பொருளில்தான். மாதம் இவ்வளவு என்று அச்சடித்தால் காசிமேட்டு விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஒத்துவராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கடலுக்கே போக முடியாது. இரண்டு மாதம் விட்டுப்போனால் கூச்சத்தில் அப்புறம் காணிக்கைக் கவரே போடமாட்டார்கள். ஏழைக் கைம்பெண்ணின் காசை ஆண்டவர் மெச்சியிருக்க, நம் அட்டை யாரையும் தலைகுனிய வைக்கக் கூடாது. அதனால் தொகைக்குப் பதில் வருமானத்தில் சதவீதம், தடைக்காலத்தில் வயரிங், பெயின்டிங் என்று உழைப்பு, இப்படி யோசிக்கிறோம். பூசை முடிந்து வாசலில் நீட்டாமல் அன்பிய (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) கூட்டத்தில் விளக்கித் தருவோம்.

உண்டியலை உறவினரல்லாத இருவர் எண்ணிக் கையெழுத்திடுவார்கள், கியூஆர் கோடு பங்குக் கணக்குக்கே போகும். குறித்த நோக்கத்துக்குத் தந்ததை அதற்கே செலவிடச் சொல்கிறது திருச்சபைச் சட்டம் 1267. ஆகவே ஏழைகள் நிதிக்குத் தனிப் பதிவேடு.

சதவீத முறை வைத்திருக்கும் பங்குகள் அட்டையின் போட்டோ அனுப்புவீர்களா? வருமானத்தைக் கேட்காமல் சதவீதக் கட்டத்தை எப்படி அமைத்தீர்கள்?