கலம் (செல்) சாகுறது நோயா, இல்ல ஒடம்பே செய்ற வேலையா?

பண்டாரவளை பொடியன்:
ஏ/எல் பரீட்சைக்கு பயோ செய்றேன், ரெண்டாவது தடவ. வயித்துல இருக்கிற புள்ளயோட கை மொதல்ல துடுப்பு மாதிரி தட்டையா இருக்குமாம், நடுவுல உள்ள கலம் செத்தாத்தான் வெரல் பிரியுமாம், கிளாஸ்ல சேர் சொன்னாரு. சாகடிக்கிறதுக்குன்னே எதுக்கு கலத்த உண்டாக்கணும்? உண்டாக்காமலே விட்டா என்ன?

கொழுந்துக்காரி:
கோழிக்கால், வாத்துக்கால் ரெண்டயும் பக்கத்துல வச்சு பாரு தம்பி. ரெண்டும் முட்டைக்குள்ள துடுப்பாத்தான் தொடங்குது. கோழிக்கு நடுவுல உள்ள கலம் சாகுது, வாத்துக்கு பெரும்பாலும் சாகாம நிக்குது, அதான் அந்த சவ்வு. புதுசா ஒரு காலையே அச்சடிக்கிறத விட இருக்கிறத வெட்டி எடுக்கிறது லேசு, தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுற மாதிரின்னு வச்சுக்கோயேன்.

ஹட்டன் டீச்சர்:
சாவுல ரெண்டு வகை இருக்கு, அத குழப்பாதீங்க. சுடுதண்ணி கையில கொட்டினா கலம் ஊதி வெடிச்சு உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரும், அதனால தான் வீங்கி சிவக்குது. மத்தது அப்போப்டோசிஸ். கலம் சுருங்கி, கஸ்பேஸ்ங்கிற நொதியம் உள்ளயே வெட்டிப்போட்டு, சின்ன சின்ன பொட்டலமா கட்டிரும், பக்கத்துக் கலம் தின்னுட்டு போயிரும், வீக்கம் கிடையாது. அந்தப் பேர 1972ல கெர், வைலி, கரி மூணு பேரும் வச்சாங்க, கிரேக்கத்துல எல உதிர்றதுக்கு சொல்ற சொல்லு. சீ. எலிகன்ஸ்னு ஒரு குட்டிப்புழு, அதுல உண்டாகிற 1090 கலத்துல சரியா 131 செத்துரும், ஒவ்வொரு புழுவிலயும் அதே கலங்கள் தான்! இந்த வேலைக்கு 2002ல நோபலும் கெடச்சுது.

லயத்து ராசா:
அப்ப புற்றுநோய்னா கலம் நெறய சாகுறதா டீச்சர்?

ஹட்டன் டீச்சர்:
தலகீழா சொல்றீங்க. சாக வேண்டியது சாகாம பெருகிறது தான் பிரச்சன. பி53னு ஒரு புரதம் டிஎன்ஏ பழுதான கலத்த நிப்பாட்டும், இல்லாட்டி சாக சொல்லும். கிட்டத்தட்ட பாதி புற்றுநோய்கள்ல அந்த மரபணுவே கெட்டுப்போயிருக்கும்.

கொழுந்துக்காரி:
தேயிலச் செடியிலயும் இருக்கு. தண்ணி ஏத்துற காழ்க்கலன் எல்லாம் செத்த கலம். செத்து உள்ள காலியானாத்தான் குழாய் ஆகும், உயிரோட இருந்தா அடச்சுக்கிட்டு நிக்கும்.

பண்டாரவளை பொடியன்:
இப்ப வெளங்குது அக்கா. எங்க பீலிக்கு கீழ தண்ணி தேங்குற எடத்துல வாற்பேய் (தவளக் குஞ்சு) கெடக்கு, தவளையாகும்போது வால் கழண்டு விழுமா?

ஹட்டன் டீச்சர்:
விழாது. தைரொயிட் ஓமோன் ஏறினதும் வால் கலங்கள் செத்து, ஒடம்புக்குள்ளயே உறிஞ்சிக்கும். போத்தல்ல ரெண்டு புடிச்சு வச்சு தெனமும் அளந்து பாருங்க, கால் மொளச்சதும் திரும்ப விட்டுருங்க.