கலிங்கில் பலகை வைத்து ஓரடி கூடுதலாகத் தேக்கலாமா?

கேள்வி:
எங்கள் குடும்ப நிலத்தில், ஓடையின் குறுக்கே 12 அடி உயர மண் அணை ஒன்று உள்ளது. கோடையில் தண்ணீர் போதாததால், கலிங்கின் (மிகுதி நீர் வழிந்தோடும் வாயின்) மேல் பலகை செருகி நீர்மட்டத்தை ஓரடி உயர்த்த எண்ணுகிறேன். கரையின் வெளிச்சரிவு அடியில் ஓரிடம் எப்போதும் ஈரமாக உள்ளது. வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்று அங்குள்ள மரங்களை விட்டுவைத்திருக்கிறேன். விவரம் அறிந்தோர் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
பலகை வேண்டாம். கலிங்கின் மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் இடையிலுள்ள உயரம் வீணாகக் கிடப்பதன்று. பெருமழையில் கலிங்கின் மீது பாயும் நீருக்கும், காற்றில் எழும் அலைக்கும், நாளடைவில் கரை அமுங்குவதற்கும் விடப்பட்ட இடம் அது. மண் கரையின் மீது நீர் வழிந்தால் வெளிச்சரிவு அரிபட்டு, சில மணி நேரத்திலேயே உடைப்பெடுக்கலாம். பென்சில்வேனியாவில் தனியார் சங்கம் ஒன்றின் வசமிருந்த சவுத் ஃபோர்க் மண் அணை 1889 மே 31 அன்று அப்படித்தான் உடைந்தது. அணையின் அடியில் நீரை வெளியேற்றும் குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. வண்டிப் போக்குவரத்துக்காகக் கரை உச்சி தாழ்த்தப்பட்டிருந்தது. மீன்கள் தப்பாதபடி கலிங்கில் வைத்த தடுப்பில் குப்பை அடைத்துக்கொண்டது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது மிகப் பெரிய அணைதான், ஆனால் கலிங்கை அடைப்பது சிறிய அணைகளிலும் அன்றாடம் நடக்கிறது.

பதில் 2:
கசிவே இல்லாத மண் அணை கிடையாது; கசியும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்பதே கேள்வி. அதை ஒரு குழாய் வழியாகப் பாத்திரத்தில் பிடித்து, நிரம்பும் நேரத்தை அன்றைய நீர்மட்டத்துடன் குறித்து வாருங்கள். மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினாலோ, நீர் கலங்கினாலோ, கரையின் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது என்று கொண்டு உடனே பொறியாளரை அழையுங்கள். அந்த வாயைக் களிமண்ணால் அடைத்துவிடாதீர்கள். நீர் வேறு வழி தேடும். மணலும் அதன் மேல் சரளையும் பரப்பினால் நீர் வெளியேறும், மண் நிற்கும். மரங்களைப் பொறுத்தவரை தாங்கள் எண்ணியதற்கு நேர்மாறானதே உண்மை: பட்டுப்போன வேர் மக்கினால் அதன் தடமே நீருக்குப் பாதையாகிவிடும். கரைக்குப் புல் போதும். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விடுவதும் ஆபத்தே.

பதில் 3:
கொள்ளளவைக் கூட்ட, கரையிலிருந்து விலகி வண்டலை அள்ளுங்கள். அடியிலுள்ள களிமண் படலத்தைத் துளைத்துவிட வேண்டாம். அணை உடைந்தால் வரும் பொறுப்பையும் எண்ணிப் பாருங்கள்: தனியார் நீர்த்தேக்கத்திலிருந்து தப்பிய நீர் அடுத்தவர் சுரங்கத்தில் புகுந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில், உரிமையாளர் கவனக்குறைவாக இல்லாதபோதும் பொறுப்பாளியே என்று இங்கிலாந்தில் 1868-இல் தீர்ப்பானது.

கேட்டவர்:
நன்றி. மதகு பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை இப்போது திறந்து பார்க்கலாமா?

பதில் 2:
நீர் குறைவாக உள்ள காலத்தில், பொறியாளர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு திறக்கவும். நீரை மெல்ல இறக்குங்கள். மட்டம் திடீரெனத் தாழ்ந்தால், ஊறிக் கனத்த உட்சரிவு சரிந்துவிடும்.